பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாத குழந்தை: ஆட்டிசம் என்றால் என்ன?

ஆட்டிசம் என்பது நோயன்று. பிறரோடு பழகுவதையும் பேசுவதையும், ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை உணர்வதையும் வேறுவிதமாக அமைக்கும் மூளை வளர்ச்சி வேறுபாடு. இதில் பெரும்பங்கு மரபணுக்களுடையது. பெரும்பாலும் கருவிலேயே தொடங்கிவிடுகிறது.

திருமண மண்டபத்தில் நாகசுரமும் தவிலும் முழங்கும்போதும், பக்கத்தில் இருப்பவர் பேச்சை நம் மூளை தனியே பிரித்தெடுத்துவிடும். ஆட்டிசமுள்ள குழந்தைகள் பலருக்கோ மிக்சியின் ஓசை, மின்விசிறியின் இரைச்சல், அம்மாவின் அழைப்பு எல்லாம் ஒரே வேகத்தில் வந்து மோதுவதால், அவர்கள் திரும்பாமல் இருப்பதும் காதைப் பொத்திக்கொண்டு அழுவதும் பல நேரங்களில் தாங்க முடியாமையால்தான். அதை அடம் என்று அதட்டுவது கொடுமை என்றே சொல்வேன்.

தாயின் வளர்ப்பால் ஆட்டிசம் வருவதில்லை. தடுப்பூசியாலும் வருவதில்லை, அந்த அச்சத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட லான்செட் என்ற மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.