கசப்பு கூடினால் ரசனை கூடுமா?

கேள்வி: வாரக் கடைசியில் பெங்களூரு நண்பர்களோடு, அங்கேயே பீர் காய்ச்சி விற்கிற மைக்ரோபுரூவரிக்குப் போவதுண்டு. எனக்குப் பிடித்தது கோதுமை பீர். அவர்கள் ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்) என்ற கசப்பு தூக்கலான பீர் தவிர எதையும் தொடமாட்டார்கள். 'கசப்பு பிடிக்காதவனுக்கு பீரை ரசிக்கத் தெரியாது, நீ குடிப்பது வாழைப்பழ எசென்ஸ் கலந்த ஜூஸ்' என்று கிண்டல் வேறு. பீரின் ருசியைத் தீர்மானிப்பது கசப்பைக் கொடுக்கும் ஹாப்ஸ் பூ மட்டும்தானா? எது உயர்ந்த பீர்?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: முதலில் அந்த வாழைப்பழப் பஞ்சாயத்தை முடித்துவிடுவோம். உங்கள் கிளாஸில் யாரும் எசென்ஸ் ஊற்றவில்லை. ஜெர்மானியக் கோதுமை பீருக்கென்றே ஒரு வகை ஈஸ்ட் உண்டு. அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹால் ஆக்கும்போது ஐசோஅமைல் அசிடேட் என்ற ஒன்றையும் சேர்த்து விடுகிறது. பழுத்த வாழைப்பழத்தில் நாம் முகர்வதும் அதைத்தான். பின்னாலேயே லேசாக ஒரு கிராம்பு வாசனை வருமே, அதுவும் ஈஸ்டின் கைவேலைதான். நொதிக்கும் தொட்டியில் சூடு கொஞ்சம் ஏறினால் பழம் தூக்கலாகிவிடும், குறைந்தால் அடங்கிவிடும். கோடையில் இட்லி மாவோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும். உங்கள் நண்பர்கள் 'ஜூஸ்' என்று ஒதுக்குவது, காய்ச்சுகிறவர் ராத்திரியும் பகலும் டிகிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பீரை.

வேடிக்கை என்னவென்றால், பீரில் என்னென்ன போடலாம் என்று ஜெர்மனியின் பவேரியாவில் 1516இல் போட்ட சட்டத்தில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றுதான் இருந்தன. ஈஸ்டின் பெயரே இல்லை. பாதி வேலையைச் செய்கிற ஆளைச் சம்பளப் பட்டியலில் சேர்க்காத கதைதான். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் வகையைத் தனியே பிரித்து வளர்த்து, அதைக் கொண்டு பீர் காய்ச்ச வழி செய்தது 1883இல்தான்.

சரி, மால்ட்டுக்கு, அதாவது முளைகட்டிக் காய வைத்த தானியத்துக்கு வருவோம். சில வருடங்களுக்கு முன் பெங்களூருவில் ஒரு புரூவரியில், பீர் காய்ச்சுகிறவர் என் உள்ளங்கையில் இரண்டு விதத் தானியத்தைக் கொட்டி மென்று பார்க்கச் சொன்னார். வெளிறியதை மென்றால் அப்படியே ஹார்லிக்ஸ். (ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, ஹார்லிக்ஸுக்கும் அடிப்படை முளைவிட்ட பார்லிதானே.) கறுப்பை மென்றால் பல்லெல்லாம் காபிப்பொடி. இரண்டும் ஒரே பார்லி. முளைகட்டி, ஒன்றைப் பதமாகக் காய வைத்திருக்கிறார்கள், மற்றதைக் கருக வறுத்திருக்கிறார்கள். ஸ்டவுட் என்ற கறுப்பு பீரின் காபி ருசிக்குக் காபிக்கொட்டை தேவையே இல்லை என்பது அன்று நாக்குக்குப் புரிந்தது.

தண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஒரு காலத்தில் ஊரின் பீரை ஊரின் கிணறுதான் முடிவு செய்தது. செக் நாட்டின் பில்சன் நகரத்துத் தண்ணீர் உப்பு மிகக் குறைந்த மென்னீர். 1842இல் யோசஃப் குரோல் அங்கே காய்ச்சிய பொன்னிற லாகர் பீர் அத்தனை மிருதுவாக வந்ததில் அந்தத் தண்ணீருக்கும் பங்கு உண்டு. இங்கிலாந்தின் பர்ட்டனில் ஜிப்சம் கலந்த கடின நீர், அதில் ஹாப்ஸின் கசப்பு கூர்மையாகத் தெரியும். இப்போது ஆர்.ஓ. இயந்திரமும் கொஞ்சம் உப்பும் இருந்தால் எந்த ஊர்த் தண்ணீரையும் பர்ட்டன் ஆக்கிவிடலாம்.

இனி உங்கள் நண்பர்களின் ஹாப்ஸ். அது ஒரு கொடியின் பூ. அரைமணி, ஒருமணி கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கும், வாசனை ஆவியோடு போய்விடும். கடைசியில் போட்டால் வாசனை நிற்கும், கசப்பு அவ்வளவாக இறங்காது. ரசத்தை இறக்கும்போது கொத்தமல்லி தூவுகிற அதே சூத்திரம். ஆகவே 'கசப்பு அதிகம், அதனால் உயர்ந்தது' என்பது 'உப்பு அதிகம், அதனால் நல்ல சாம்பார்' என்பது போலத்தான். அவர்கள் உருகும் அந்தப் பம்ளிமாஸ் தோல் வாசனைக்கும் பெரிய பாரம்பரியம் கிடையாது. கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் ரகம் அமெரிக்காவில் 1972இல் வெளிவந்தது. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா புரூவரி 1980இல் அதை வைத்துப் பேல் ஏல் என்ற பீரைக் காய்ச்சியது. அங்கே பரவிய ஒரு மோகத்தை உலகப் பொதுவிதி ஆக்கினால் எப்படி?

ஐ.பி.ஏ.யின் முதல் எழுத்தே இந்தியா. லண்டனில் ஹாட்ஜ்சன் என்பவரின் புரூவரியிலிருந்து பீர் பீப்பாய்களைக் கம்பெனிக் கப்பல்களில் ஏற்றி இங்கிருந்த வெள்ளைக்காரர்களுக்கு அனுப்பினார்கள். அது மாதக்கணக்கில் கடலில் கிடந்து பக்குவப்பட்ட சரக்கு. இன்றைய ஐ.பி.ஏ. நேர் எதிர். அதன் பெருமையே அந்தப் புது வாசனைதான், முதலில் பறந்துபோவதும் அதுவே. கப்பலில் வந்து, கோடவுன் சூட்டில் வெந்து, கடைக்கு வரும் இறக்குமதி டின்னில் மிஞ்சுவது அசட்டுத் தித்திப்பும் நனைந்த அட்டை வாடையும். அதற்குக் கொடுக்கிற விலையைச் சொன்னால் உங்களுக்கே சிரிப்பு வரும்.

எது உயர்ந்தது என்று கேட்டால் என் பதில் இதுதான்: கண்ணாடிக்குப் பின்னால் தொட்டி தெரிகிற இடத்தில், அங்கேயே காய்ச்சி, அங்கேயே ஊற்றுகிற எதுவும். ஜில்லென்று மரத்துப்போகிற அளவில் குடிக்காமல் ஐந்து நிமிடம் மேசையில் வையுங்கள், ருசி தானாக வெளியே வரும். (ஓசூருக்குத் திரும்பும்போது வண்டியைக் குடிக்காத ஆள் ஓட்டட்டும்.)

அப்புறம், ஒரு சின்ன பழிவாங்கல். ஹாப்ஸின் கசப்புப் பொருளில் வெயில் பட்டால் நிமிடங்களில் கந்தக நாற்றம் வரும். கோதுமை பீரில் ஹாப்ஸ் கொஞ்சம்தான், அதனால் சேதமும் குறைவு. அடுத்த முறை மொட்டைமாடி மேசை கிடைத்தால், வெயில் விழும் நாற்காலியை மரியாதையாக ஐ.பி.ஏ. நண்பருக்கு விட்டுக்கொடுங்கள். பத்து நிமிடம் கழித்து அவருடைய கிளாஸை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.