யார்டு சேலில் வாங்கின வோர்னாடோ ஹீட்டர்: உங்க கேள்விக்குப் பதில்

வணக்கங்க. யார்டு சேலில் (வீட்டு வாசல்ல பழைய சாமானை விக்கற இடத்தில்) வாங்கின வோர்னாடோ விஎச்101 ஹீட்டரைப் பத்தி, "போன குளிர் முழுக்க நல்லாத்தான் ஓடுச்சு, இந்த வருஷம் பாப்பா ரூமில் ராத்திரி வைக்கலாமா"ன்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு வேண்டாங்க. முதல்ல பிளக்கைப் பிடுங்கிடுங்க.

தீப்பிடிக்கும் அபாயம்னு 2018ல் ரீகால் ஆன, அதாவது கம்பெனியே திரும்பக் கேட்ட மாடல் அது. அமெரிக்காவில் சுமார் 3,50,000 விற்றிருக்கு. உள்ளே மோட்டாரைத் தாங்கற பிடி உடைஞ்சா, மோட்டார் போய் சூடான காயிலில் படும். உடையற வரைக்கும் வெளியே ஒண்ணுமே தெரியாமப் போகலாம். அதனால நல்லா ஓடினதை நம்பாதீங்க. அங்கே மினசோட்டா மாநிலத்தில் 90 வயசுப் பெரியவர் ஒருத்தர் இந்த மாடல் சம்பந்தப்பட்ட தீயில் இறந்தார். கோளாறை உடனே தெரிவிக்கலைன்னு கம்பெனி மேல 2022ல் 75 லட்சம் டாலர் அபராதமே விழுந்துச்சு.

ஹீட்டர் ஆறினதும் கவிழ்த்துப் பாருங்க. அடியில் வெள்ளி நிற லேபிளில் மாடலும் சீரியல் நம்பரும் இருக்கும். போட்டோ எடுத்துட்டுக் கம்பெனியைக் கூப்பிடுங்க. மாற்று ஹீட்டரோ முழுப் பணமோ தர்றதாத்தான் ரீகால் அறிவிப்பில் இருந்துச்சு. பில் இல்லையேன்னு தயங்காமக் கேளுங்க. மறுபடி யாருக்கும் வித்துடாதீங்க, ரீகால் ஆன பொருளை விக்கறது அமெரிக்காவில் சட்டவிரோதம்.

புதுசு வாங்கினாலும் எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம், நேரா சுவர் பிளக்தான். கட்டில், திரைச்சீலையில் இருந்து 3 அடி தள்ளி வைங்க. பாப்பா தூங்கினதும் அணைச்சிடுங்க.