எதிரணியைச் சொந்த ஊருக்கு வரவழைத்த நாள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு வாசகி): என் மகள் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறாள். நவம்பர் கடைசியில் நடக்கும் ஒரே ஓர் ஆட்டத்துக்காக ஊரே திமிலோகப்படுகிறது என்றும், டிக்கெட் கிடைக்காதவர்கள்கூடப் பல மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து சேர்கிறார்கள் என்றும் சொல்கிறாள். கல்லூரிப் பிள்ளைகளின் விளையாட்டுக்கு இத்தனை கூட்டமா?

பதில்: உங்கள் மகள் மிகைப்படுத்தவில்லை. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஆபர்ன் நகரத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 76,000. அங்குள்ள ஜோர்டன்-ஹேர் மைதானத்தின் இருக்கைகளோ 88,043. ஊரில் உள்ள கைக்குழந்தை முதல் முதியவர் வரை அனைவரும் உள்ளே வந்து அமர்ந்தாலும் 12,000 இடங்கள் காலியாகவே இருக்கும். அந்த இடங்களையும் நிரப்பி, வெளியே திடல்களில் கூடாரம் அடித்து, அடுப்பு மூட்டி, தொலைக்காட்சிப் பெட்டியையும் வைத்துக்கொண்டு பல்லாயிரம் பேர் அமர்ந்திருப்பார்கள்.

இதற்கு முதன்மையான காரணம் எளிமையானது. நாட்டின் முதன்மையான தொழில்முறைக் கால்பந்துத் தொடரான என்.எஃப்.எல்.-இல் ஆடும் அணி அலபாமா மாநிலத்தில் கிடையாது. (இங்கே கால்பந்து என்பது நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து.) பெருநகர அணிகளிடம் மற்ற மாநிலத்தவர் வைக்கும் பற்று முழுவதையும் அலபாமா மக்கள் இரண்டு பல்கலைக்கழகங்களின் மீது வைத்திருக்கிறார்கள். ஒன்று, டஸ்கலூசா நகரில் உள்ள அலபாமா பல்கலைக்கழகம், மற்றொன்று ஆபர்ன். அந்தக் கல்லூரிகளின் வாசலை மிதிக்காத உழவரும் கடைக்காரரும்கூட ஏதேனும் ஒரு பக்கத்தைச் சேர்ந்தவர்களாகவே இருக்கிறார்கள். கணவர் ஒரு கட்சி, மனைவி மறு கட்சி என்று பிரிந்த குடும்பங்களும் உண்டு.

கேள்வி (திருச்சியிலிருந்து ஒரு வாசகர்): இவ்விரு அணிகளும் மோதும் ஆட்டம் வெகு காலம் இரண்டு ஊர்களிலும் நடக்காமல் மூன்றாவதாக ஓர் ஊரில் நடந்தது என்று படித்தேன். சொந்த மைதானத்தில் ஆட இரு தரப்புக்கும் விருப்பம் இருந்திருக்காதா?

பதில்: ஒரு தரப்புக்கு இருந்தது, மறு தரப்புக்கு இல்லை. இந்தப் பகையின் வரலாற்றில் பாதி அதற்குள்ளேயே அடங்கிவிடும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இரு அணிகளும் முதன்முதலில் 1893 பிப்ரவரி 22 அன்று பர்மிங்ஹாம் நகரில் மோதின. ஆபர்ன் 32-22 என்று வென்றது. 1907-ஆம் ஆண்டு ஆட்டம் 6-6 என்று சமனில் முடிந்தது. அடுத்த ஆட்டத்துக்கான பேச்சில், வீரர்களின் அன்றாடச் செலவுக்கு எவ்வளவு தருவது, நடுவரை எங்கிருந்து அழைப்பது என்ற தகராறு எழுந்து, உறவே முறிந்துபோனது. பிறகு 41 ஆண்டுகள் ஒரே மாநிலத்தில் இருந்துகொண்டே இரு அணிகளும் ஒன்றையொன்று எதிர்கொள்ளவில்லை. மாநிலச் சட்டமன்றத்தில் தீர்மானம் வரும் அளவுக்கு வற்புறுத்தல் முற்றிய பின்னர், 1948-இல் ஆட்டம் மீண்டும் தொடங்கியது. அவ்வாண்டு அலபாமா 55-0 என்று ஆபர்னை நொறுக்கியது.

அந்த ஆட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் பர்மிங்ஹாமின் லீஜன் ஃபீல்டு. அன்றைய நிலையில் அது நியாயமான தேர்வு என்பதில் எனக்கு ஐயமில்லை. 1939-இல் திறக்கப்பட்டபோது ஆபர்ன் மைதானத்தில் 7,500 பேர்தான் அமர முடியும். மாநிலம் முழுவதும் திரண்டு வரும் கூட்டத்தை அங்கே வைத்துச் சமாளித்திருக்க முடியாது. டிக்கெட்டுகள் இரு தரப்புக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டன. அரங்கின் ஒரு பாதி அலபாமாவின் கருஞ்சிவப்பாகவும், மறுபாதி ஆபர்னின் செம்மஞ்சளும் கருநீலமுமாகவும் தெரியும். பர்மிங்ஹாம் இரும்பு உருக்காலைகளின் நகரம் என்பதால் ஆட்டத்துக்கு 'அயர்ன் பவுல்' என்ற பெயரும் நிலைத்தது.

ஆனால் லீஜன் ஃபீல்டு பொதுவான இடம் என்பது காகிதத்தில் மட்டுமே உண்மை. டஸ்கலூசாவிலிருந்து பர்மிங்ஹாம் செல்லும் தொலைவைப்போல ஏறத்தாழ இரு மடங்கு தொலைவை ஆபர்ன்காரர்கள் கடக்க வேண்டியிருந்தது. அலபாமா அணியோ தன் பெரிய ஆட்டங்கள் பலவற்றை ஆண்டுதோறும் அதே மைதானத்தில் சொந்த ஆட்டங்களாகவே ஆடிவந்தது. அந்தப் புல்தரையும் ஓய்வறையும் அவர்களுக்குப் பழகியவை. பாதி டிக்கெட் கையில் இருந்தும் ஆபர்ன் ரசிகர்கள் விருந்தாளிகளாகத்தான் அங்கே அமர்ந்தார்கள்.

1981-இல் ஆபர்னின் பயிற்சியாளராகவும் விளையாட்டுத் துறை இயக்குநராகவும் பொறுப்பேற்ற பேட் டை, இதை மாற்றியே தீருவதென்று உறுதியாக நின்றார். 1980-இலும் 1987-இலும் மேல்தளங்கள் கட்டப்பட்டு ஜோர்டன்-ஹேர் மைதானம் 85,000 இருக்கைகளைத் தாண்டியிருந்தது. இடம் போதாது என்று மறுக்க இனி வழியில்லை. ஒரு பல்கலைக்கழகம் இத்தனை இருக்கைகளைக் கட்டிவிட்டு, ஆண்டின் மிகப் பெரிய ஆட்டத்தை வேறோர் ஊரில் ஆடிக்கொண்டிருந்தால், அந்த இருக்கைகளுக்கு என்ன பொருள்? அலபாமா தரப்பு இறங்கிவர மறுத்தது, ஆபர்னும் விடவில்லை. இறுதியில் 1989-ஆம் ஆண்டு ஆட்டம் ஆபர்னில் நடக்கும் என்று முடிவாயிற்று.

1989 டிசம்பர் 2, சனிக்கிழமை. அலபாமா அதுவரை ஒரு தோல்விகூட இல்லாமல், நாட்டின் இரண்டாம் இடத்தில் இருந்தது. ஆட்டத்துக்கு முன் ஆபர்ன் வீரர்கள் டொனஹ்யூ சாலை வழியாக மைதானத்துக்கு நடந்து வருவது வழக்கம். அதற்கு 'டைகர் வாக்' என்று பெயர். அன்று சாலையின் இருபுறமும் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்றதால், வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக நுழைந்து செல்ல ஓர் ஒடுங்கிய இடைவெளிதான் மிஞ்சியது. கை நீட்டித் தோளைத் தொட்டவர்களில் கண்ணீர் விட்டவர்களும் இருந்தார்கள். உள்ளே 85,319 பேர். ஆபர்ன் 30-20 என்று வென்றது.

ஆட்டம் நின்றுபோய் 41 ஆண்டுகள். ஆட்டம் நடந்தும் சொந்த ஊருக்கு வராமல் மேலும் 41 ஆண்டுகள். அன்று அழுதவர்கள் வெற்றிக்காக மட்டும் அழவில்லை என்பதை இந்தக் கணக்கை அறிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள். எதிரணி நம் வாசலுக்கு வந்து நிற்பது, அது நம்மைத் தனக்கு நிகரானவர்களாக ஏற்றுக்கொண்டதன் அடையாளம். அலபாமா தன் முறைக்கான ஆட்டங்களை 1998 வரை பர்மிங்ஹாமிலேயே நடத்தியது. 2000-ஆம் ஆண்டில்தான் டஸ்கலூசாவுக்குக் கொண்டுசென்றது. அதுமுதல் இரட்டைப்படை ஆண்டுகளில் டஸ்கலூசா, ஒற்றைப்படை ஆண்டுகளில் ஆபர்ன் என்று முறை வைத்து நடக்கிறது.

பொது இடமே கூடாது என்று நான் சொல்லவில்லை. டெக்சஸ், ஓக்லஹோமா அணிகள் ஆண்டுதோறும் டல்லாஸ் நகரப் பொருட்காட்சித் திடலில் உள்ள மைதானத்தில் மோதுகின்றன. ஆடுகளத்தின் நடுக்கோட்டை எல்லையாக வைத்து அரங்கம் இரண்டாகப் பிரிகிறது. அங்கே எந்த அணிக்கும் அது சொந்த மைதானம் இல்லை என்பதால் இரு தரப்பும் மனநிறைவோடு இருக்கின்றன.

கேள்வி (சேலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்): அறிவிக்கப்படும் பார்வையாளர் எண்ணிக்கையை நம்பலாமா? மிச்சிகன் மைதானத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு லட்சம் பேர் வருவதாகச் சொல்கிறார்களே!

பதில்: மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானம் 1,07,601 இருக்கைகள் கொண்டது. 1975 நவம்பர் முதல், பெருந்தொற்றால் அரங்கம் மூடப்பட்ட 2020-ஆம் ஆண்டு நீங்கலாக, அங்கே நடந்த ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு லட்சத்துக்கு மேல் அறிவிக்கப்பட்டிருக்கிறது. 2013-இல் நோட்டர் டேம் அணி வந்தபோது 1,15,109. நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் 1962 முதல் எல்லா டிக்கெட்டுகளும் விற்றுத் தீர்ந்ததாகவே கணக்குக் காட்டி வருகிறது.

இந்த எண்களைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அவை எதை எண்ணுகின்றன என்று பார்க்க வேண்டும். விற்ற டிக்கெட் ஒரு கணக்கு. வாசலில் கருவி பதிவுசெய்யும் டிக்கெட் இன்னொரு கணக்கு. வாத்தியக் குழு, ஊழியர், செய்தியாளர் ஆகியோரையும் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்களும் உண்டு. கல்லூரிக் கால்பந்தின் உயர் பிரிவில் நீடிக்கச் சராசரியாக 15,000 பார்வையாளர்களைக் காட்ட வேண்டும் என்ற விதி வெகு காலம் இருந்ததால், சிறிய பல்கலைக்கழகங்களுக்கு எண்ணைப் பெருக்கிக் காட்டும் ஆசை இயல்பாகவே எழுந்தது. செப்டம்பர் வெயிலில் வலுவற்ற ஓர் அணி ஆட வரும்போது, பருவச் சீட்டு (அந்தப் பருவத்தின் சொந்த மைதான ஆட்டங்களுக்கு மொத்தமாக வாங்கும் டிக்கெட்) வாங்கியவர்களில் பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அன்று விற்பனைக்கும் வருகைக்கும் இடையிலான பள்ளம் பெரிதாக இருக்கும். பரம எதிரி வரும் நாளில் அந்தப் பள்ளம் ஏறத்தாழ மறைந்துவிடும். ஆகவே ஓர் அணிக்கு உண்மையான ஆதரவு எவ்வளவு என்று அறிய விரும்பினால், பகையாட்டத்தைப் பார்க்காதீர்கள். மழை பெய்யும் ஒரு சாதாரணச் சனிக்கிழமையைப் பாருங்கள்.

ஆபர்னையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013 முதல் 2025 வரை, ஒற்றைப்படை ஆண்டுகளில் அலபாமா, ஜார்ஜியா என்ற இரு பெரும் பகையணிகளும் ஒருசேர ஆபர்னுக்கு வந்தன. இரட்டைப்படை ஆண்டுகளில் இரண்டுமே வரவில்லை. பருவச் சீட்டு விற்பவர்களுக்கு ஓராண்டு விருந்து, மறு ஆண்டு விரதம்.

இன்னொரு விந்தையான கணக்கும் உண்டு. 1993-இல் ஆபர்ன் அணிக்கு விதிக்கப்பட்டிருந்த தண்டனையால் அதன் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்ப முடியவில்லை. அயர்ன் பவுல் ஆபர்னில் நடந்துகொண்டிருக்க, டஸ்கலூசா மைதானத்தில் 40,000-க்கும் மேற்பட்ட அலபாமா ரசிகர்கள் கூடித் திரையில் அதைப் பார்த்தார்கள். வீரர்களே இல்லாத மைதானத்துக்கு அத்தனை பேர்!

கேள்வி (கோவையிலிருந்து ஒரு வாசகர்): கூட்டத்தின் இரைச்சல் ஆட்டத்தின் போக்கையே மாற்றுமா?

பதில்: மாற்றும். இந்த விளையாட்டில் ஒவ்வொரு நகர்வுக்கும் முன் குவார்ட்டர்பேக் (பந்து கையில் இருக்கும் அணியின் தாக்குதலை வழிநடத்தும் வீரர்) தன் அணியினருக்கு வாய்மொழியாகக் கட்டளை தருவார். எதிரணி பந்தை வைத்திருக்கும்போது சொந்த ஊர்க் கூட்டம் கத்தித் தீர்க்கும். தன் அணியிடம் பந்து வந்ததும் சட்டென்று அடங்கிவிடும். கட்டளை காதில் விழாத வீரர் முன்கூட்டியே அசைந்துவிட்டால், அவருடைய அணி ஐந்து கெஜம் பின்வாங்க வேண்டும்.

கேள்வி (மீண்டும் மதுரை வாசகி): வரும் நவம்பரில் மகளைப் பார்க்கச் செல்கிறேன். ஓர் ஆட்டமாவது பார்க்க விரும்புகிறேன். பகை முற்றிய கூட்டத்துக்குள் போவது பாதுகாப்பானதா?

பதில்: குடும்பத்தோடு போகலாம், தாத்தா பாட்டிகளும் குழந்தைகளும் வரும் இடம்தான் அது. வெறுப்பு எல்லை மீறியதும் உண்டு. 2010-ஆம் ஆண்டு ஆட்டத்துக்குப் பிறகு, ஆபர்ன் ரசிகர்கள் வெற்றியைக் கொண்டாடும் டூமர்ஸ் கார்னர் ஓக் மரங்களுக்கு அலபாமா ரசிகர் ஒருவர் நஞ்சிட்டார். 2013-இல் அவற்றை வெட்டி அகற்ற நேர்ந்தது. அலபாமா ரசிகர்களிலேயே பலர் அதற்காக வெட்கப்பட்டு, மரங்களைக் காக்க நிதி திரட்டினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அயர்ன் பவுல் டிக்கெட் எளிதில் கிடைக்காது, விலையும் அதிகம். மாணவர்களுக்கென்று தனிப் பகுதி உண்டு என்றாலும், அந்தச் சீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற முடியுமா என்று மகளை முன்கூட்டியே விசாரிக்கச் சொல்லுங்கள். நவம்பரின் வேறொரு சொந்த மைதான ஆட்டத்துக்குச் செல்வது எளிது. பைக்குள் இருப்பது வெளியே தெரியும் கண்ணாடிப் பையும் கையகலச் சிறு பையும் மட்டுமே உள்ளே அனுமதிக்கப்படும் என்பதால், வழக்கமான கைப்பையை அறையிலேயே வைத்துவிடுங்கள். ஆட்டம் தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு 'டைகர் வாக்' நடக்கும். அதற்கு டிக்கெட் தேவையில்லை. டொனஹ்யூ சாலையில் முன்வரிசையில் இடம் பிடிக்க வேண்டுமானால் அதற்கும் முன்னதாகவே போய் நின்றுகொள்ளுங்கள்.