கணினிக் கேள்வி: 1080 போதுமா, 1440 வேண்டுமா?

பதில் சொல்பவர்: கும்பகோணத்தில் கணினி சர்வீஸ் கடை வைத்திருப்பவர்

என்னிடம் ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கணினி இருக்கிறது. தினமும் வாலரன்ட், எப்போதாவது ஜிடிஏ 5 ஆடுவேன். மானிட்டருக்கு அப்பா 18 ஆயிரம் தருவதாகச் சொல்லிவிட்டார். நண்பர்கள் எல்லாரும் ‘27 இன்ச் 2கே எடு’ என்கிறார்கள். எடுக்கலாமா?
கல்லூரி மாணவர், பாபநாசம்

அந்த நண்பர்களிடம் என்ன கார்டு இருக்கிறது என்று கேட்டீர்களா தம்பி?

1080 என்பது 1920க்கு 1080. பெருக்கினால் ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல், அதாவது திரையில் அத்தனை புள்ளிகள். கடையில் 2கே என்று சொல்லி விற்கும் 1440, அதாவது 2560க்கு 1440, 36.9 லட்சம். 4கே என்றால் 82.9 லட்சம். ஆட்டத்தில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்துக்கும் (ஃப்ரேம்) இத்தனை பிக்சலுக்கும் வண்ணம் கணக்குப் போட்டுக் கொடுப்பது மானிட்டர் அல்ல, உங்கள் கார்டு. ஒரு மா நிலத்துக்கு அளவாக இறைக்கிற மோட்டாரை வைத்துக்கொண்டு ஒன்றே முக்கால் மா நடவு போட்டால் என்ன ஆகும் என்று பாபநாசத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 4கே என்றால் நாலு மா.

1650, 2019-ல் வந்த கார்டு. மெமரி 4 ஜிபி. வாலரன்ட் லேசான ஆட்டம், 1440-லும் ஓடிவிடும். இப்போது வருகிற பெரிய ஆட்டங்களில் மூச்சு வாங்கும். ‘அப்போது மட்டும் 1080-க்கு மாற்றிக்கொள்கிறேன்’ என்பீர்கள். 1440 திரையில் 1080 படத்தைப் போட்டால் ஒரு பிக்சலை 1.33 பிக்சலில் பரப்ப வேண்டும். முக்கால் பிக்சல், கால் பிக்சல் என்று எதுவும் கிடையாதே! பக்கத்துப் பிக்சலோடு கலந்து, எழுத்தும் தூரத்து எதிரியின் தலையும் மசமசவென்று தெரியும். காசும் கொடுத்துக் கண்ணையும் இடுக்கிக்கொண்டு ஆட வேண்டியதுதான்.

24 இன்ச், 1080, ஐபிஎஸ் பேனல் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை), 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல்: இதை எடுங்கள். ஹெர்ட்ஸ் என்பது திரை ஒரு நொடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றுகிறது என்ற கணக்கு. 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் மாற 16.7 மில்லி செகண்டு ஆகும். 144-ல் 6.9 தான். வாலரன்ட் ஆடுகிறவருக்கு உடனே கையில் தெரிவது இந்த வித்தியாசம். போட்டிகளில் ஆடும் கவுன்டர் ஸ்ட்ரைக் ஆட்டக்காரர்கள் பலர் இன்றைக்கும் 1280க்கு 960 வைத்துத்தான் ஆடுகிறார்கள். மிச்சப் பணத்தைக் கார்டுக்கென்று எடுத்து வையுங்கள். அப்பாவிடம் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், மறுபடி வாங்குவது கஷ்டம்.

இன்னொன்று. ‘அதே விலைக்கு 27 இன்ச், 1080 தருகிறேன்’ என்று கடைக்காரர் நீட்டுவார். வேண்டாம். 24 இன்ச்சில் ஒரு இன்ச்சுக்கு 92 பிக்சல் இருக்கும், 27-ல் அது 82 ஆகிவிடும். எழுத்தின் ஓரமெல்லாம் படிக்கட்டு படிக்கட்டாகத் தெரியும். 27 வேண்டுமென்றால் 1440 தான் சரி (இன்ச்சுக்கு 109). அதற்குக் கார்டு ஆர்டிஎக்ஸ் 3060 அளவுக்காவது இருக்கட்டும்.

மகன் 32 இன்ச் 4கே மானிட்டர்தான் வேண்டுமென்று பிடிவாதம் பிடிக்கிறான். கண் கெட்டுப்போகுமா?
தாயார், மன்னார்குடி

4கே-யால் கண் கெடாது அம்மா. உண்மையில் எழுத்து இன்னும் துல்லியமாகத்தான் தெரியும். நான் கவலைப்படுவது உங்கள் வீட்டு மேசையைப் பற்றி.

தையல் மெஷினுக்கு வைத்திருக்கும் டேப்பை எடுங்கள். மகனை வழக்கம்போல் உட்காரச் சொல்லி, கண்ணிலிருந்து மேசைக்குப் பின்னால் இருக்கிற சுவர் வரை அளவெடுங்கள். அதில் மானிட்டர் ஸ்டாண்டுக்கு எட்டு, ஒன்பது இன்ச் கழியுங்கள். நான் போய்ப் பார்க்கிற வீடுகளில் பெரும்பாலும் ஒன்றரை அடி ஆழமுள்ள ஸ்டீல் மேசைதான். அதில் 32 இன்ச் திரையை வைத்தால் மூக்குக்கு முன்னால் வந்து நிற்கும். 32 இன்ச் என்பது மூலைக்கு மூலை அளவு. அகலம் மட்டும் 28 இன்ச். ஆட்டத்தில் ஒரு மூலையில் வரைபடம், மறு மூலையில் தோட்டாக் கணக்கு. பையன் இரண்டுக்கும் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பான். கை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொடும் தூரமாவது வேண்டும். ஒன்றரை அடி மேசைக்கு 24 தாராளம். மேசை இரண்டரை அடி என்றால் 27 வைக்கலாம்.

கண்ணுக்குக் கெடுதல் வேறு: விளக்கை அணைத்துவிட்டு, திரை வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, இமைக்காமல் ஆடுவது. அறையில் ஒரு டியூப்லைட் எரியட்டும்.

165 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினேன். பழைய மானிட்டருக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கடையில் கேட்டால் ‘பழகினால் தெரியும் சார்’ என்கிறார்கள்.
வாசகர், திருவாரூர்

பழகினால் அல்ல, செட்டிங்கை மாற்றினால் தெரியும். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அதற்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே. கீழே ரெஃப்ரெஷ் ரேட் என்ற இடத்தில் 60 என்று இருக்கும். 165-க்கு மாற்றுங்கள். மாற்றிவிட்டு மவுஸ் அம்பை வேகமாக வட்டமாகச் சுற்றுங்கள். முன்பு விட்டு விட்டுத் தெரிந்த அம்புகள் இப்போது நெருக்கமாகத் தெரியும்.

165 பட்டியலிலேயே இல்லையென்றால் கேபிளைப் பாருங்கள். கேபினட்டுக்குப் பின்னால் மேலே யுஎஸ்பி துளைகளோடு இருப்பது மதர்போர்டு. அதற்குக் கீழே படுக்கைவாட்டில் இருப்பது கார்டு. மானிட்டர் வயர் கார்டில்தான் இருக்க வேண்டும். மதர்போர்டில் செருகிவிட்டுக் கார்டையே மாற்றக் கிளம்பியவர்கள் உண்டு. டிஸ்ப்ளே போர்ட் கேபிள் கூட வந்திருந்தால் பழைய எச்டிஎம்ஐ வயரைத் தூக்கிப் போடுங்கள்.

பிஎஸ் 5 (பிளேஸ்டேஷன் 5) விளையாட்டுப் பெட்டிக்கு எந்த மானிட்டர்?
மயிலாடுதுறை

பிஎஸ் 5-ல் டிஸ்ப்ளே போர்ட் கிடையாது, 120 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. ஆகவே 180, 240 என்ற எண்களுக்குக் காசு கொடுக்க வேண்டாம். 2022 செப்டம்பர் அப்டேட்டிலிருந்து 1440-ம் வருகிறது. 4கே-யில் 120 வேண்டுமென்றாலும், ஃப்ரேமுக்கு ஏற்பத் திரை ஓடும் விஆர்ஆர் வேண்டுமென்றாலும் மானிட்டரில் எச்டிஎம்ஐ 2.1 இருக்க வேண்டும்.

வளைந்த திரை நல்லதா?
தஞ்சாவூர்

34 இன்ச் அகலத்திரை என்றால் நல்லது. 24 இன்ச்சில் வளைவு, விலைச்சீட்டுக்குத்தான் அழகு.

குறுவை நேரத்தில் மோட்டார்கள் ஓடும்போது எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்கிவிடுகிறது. மானிட்டருக்கு ஸ்டெபிலைசர் வேண்டுமா?
திருத்துறைப்பூண்டி

அடாப்டரில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். 100–240 என்று போட்டிருந்தால் வோல்டேஜ் இறங்குவதற்கு அது அசராது. ஆபத்து, போன கரண்டு திரும்ப வரும்போதும் ஐப்பசி, கார்த்திகை இடியிலும்தான். வானம் உறுமினால் பிளக்கைப் பிடுங்குங்கள், இணைய வயரையும் சேர்த்து. 600 விஏ யுபிஎஸ்ஸை நம்பி ஆட உட்காராதீர்கள். பெரிய கார்டு இழுக்கிற இழுப்பில் ‘கீ’ என்று கத்திவிட்டு அணைந்துவிடும். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது என்றால் வீட்டில் எர்த் சரியில்லை. மானிட்டர் வாங்குவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.