மூன்று மாதம் தூங்கிய போட் இன்ஜின் ஏன் முக்குகிறது?

கேள்வி: ஊத்தான் மெலிந்தாங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பெர்னாம் ஆற்றில் ஊடாங் காலா இறால் பிடிக்கப் போவேன். 15 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் இன்ஜின். இரண்டு சிலிண்டர், ஒரே கார்புரேட்டர். மழைக்காலம் என்று தீபாவளிக்கு முன் கழற்றி வைத்தேன். தைப்பூசம் முடிந்து மாட்டினால், சோக் இழுத்தால்தான் ஓடுகிறது. மெதுவாக விட்டால் குலுங்கி நின்றுவிடுகிறது, முறுக்கினால் பரவாயில்லை. பட்டறையில் கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. சோக் என்பது காற்றை மறித்துப் பெட்ரோலின் பங்கைக் கூட்டுவது. அது இருந்தால்தான் ஓடும் என்றால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை. அதுவும் மெதுவோட்டத்தில் மட்டும் போதவில்லை என்றால், சந்தேகம் நேராக, கார்புரேட்டரில் மெதுவோட்டத்துக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட் மீது போகிறது. அதன் துளை ஊசிமுனை அளவுதான். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் நம் ஊர்ச் சூட்டில் ஆவியாகிப் பிசினையும் எண்ணெயையும் விட்டுவிட்டுப் போகும். முதலில் அடைபடுவது இந்தத் துளை. பனி நாட்டுப் படகுக்காரர்கள் குளிர்காலம் முடிந்ததும் படும் பாடும் இதுதான். நமக்குப் பனிக்குப் பதில் மழை.

ஆனாலும் ஸ்பானரை எடுக்கும் முன் காசு செலவில்லாத சோதனைகளை முடித்துவிடுங்கள். டாங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? சிரிக்காதீர்கள். ஒரு மத்தியானம் முழுக்க கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டுவிட்டு, கடைசியில் அந்தத் திருகு மூடியிருந்ததைக் கண்டவன் நான்.

அப்புறம் பழைய பெட்ரோல். டாங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி அசையாமல் வையுங்கள். பாதி காலியான டாங்கில் ஈரக்காற்று படிந்து தண்ணீராகும். அது அடியில் தனியாகத் தெரியும். தண்ணீர் இல்லாவிட்டாலும் வார்னிஷ் வாடை அடித்தால் அந்தப் பெட்ரோல் இனி உதவாது. புதிதைக் கலந்து ஒப்பேற்ற நினைக்காதீர்கள், லோங்காங் சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். கறுப்பெண்ணெய் வாங்கும் பட்டறையில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். புதுப் பெட்ரோலுக்கு இன்ஜின் கையேடு சொல்லும் அளவில் எண்ணெய் கலக்குங்கள். 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி.

இனி இன்ஜினைத் தண்ணீர் நிறைந்த தோங்கில் (பீப்பாயில்) இறக்கி, திறந்தவெளியில் ஓட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட வேண்டாம், பம்பின் ரப்பர் இறக்கை கருகிவிடும். பக்கத்துத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சவில்லையா? உடனே நிறுத்திவிட்டு, குளவி மண் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். தோட்டத்துக் கொட்டகையில் வைத்த இன்ஜின்களில் இது நடக்கும்.

நன்றாகப் பீய்ச்சினால், ஓடும்போதே பெட்ரோல் குழாயிலுள்ள ரப்பர் பந்தை அமுக்குங்கள். அமுக்க அமுக்க ஓட்டம் சீராகிறது என்றால் கோளாறு பெட்ரோல் பம்பின் ஜவ்விலோ, குழாய் இணைப்பில் காற்று புகும் இடத்திலோ இருக்கலாம்.

அடுத்து பிளக். இன்ஜினை நிறுத்தி, ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி இன்ஜின் உடம்போடு தொடும்படி இணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பிறகு மற்றதையும் அப்படியே. எதைக் கழற்றியும் ஓட்டம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. உங்களுக்கு கார்புரேட்டர் இரண்டுக்கும் பொது. ஒன்று மட்டும் செத்திருந்தால் பழியை கார்புரேட்டர் தலையில் போட வேண்டாம். இரண்டு பிளக்கையும் மாற்றுங்கள், அதிக விலை இல்லை.

இரண்டும் ஒரே மாதிரி முக்கினால்தான் கார்புரேட்டர். கழற்றும் முன் மெதுவோட்டக் கலவைத் திருகை மெதுவாக உள்ளே முறுக்கி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணிக் குறித்துவையுங்கள். திரும்ப அதே அளவில் வைக்க வேண்டும். மறந்தால் ஒரு நாள் போய்விடும். கிண்ணத்தைத் திறந்து ஜெட்டுகளைக் கழற்றி, கார்ப் கிளீனர் அடித்து ஊறவிட்டுக் காற்றால் ஊதுங்கள். கம்பி மட்டும் விடாதீர்கள். பித்தளைத் துளை அகன்றால் அளவு கெட்டுவிடும். உங்களிடம் மீன்பிடித் தங்கூசி இருக்குமே, மெல்லியதாக ஒரு துண்டு போதும். வெளிச்சத்தில் பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.

இத்தனைக்கும் அடங்கவில்லையா? இரண்டு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து ஒப்பிடச் சொல்லிப் பட்டறைக்குப் போங்கள். ஒன்று மற்றதைவிட ரொம்பக் குறைந்திருந்தால், கார்புரேட்டர் மாற்றும் காசு முழுக்க ஆற்றோடு போயிருக்கும்.

வரும் தீபாவளிக்குக் கழற்றும்போது பெட்ரோல் குழாயை எடுத்துவிட்டு, தோங்கில் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். பிறகு கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து மிச்சத்தையும் வடித்துவிட்டு மூடுங்கள்.