தாடையில்லாத கவச மீன்கள்: கேள்வி பதில்

கோபியிலிருந்து: தாடை இல்லாமல் செஃபலாஸ்பிஸ் என்ற பழங்காலக் கவச மீன் எப்படிங்க சாப்பிட்டது?

வாய் தலைக்கு அடியில் இருந்தது. தரையை ஒட்டிக் கிடந்து, சேற்றோடு சின்ன இரைகளை உறிஞ்சியிருக்கும். தலை முழுக்க ஒரே எலும்பு மூடி. உள்ளே நரம்பு போன தடத்தைச் சுற்றியும் எலும்பு படிந்திருந்தது. ஆர்க்டிக் தீவான ஸ்பிட்ஸ்பெர்கனில் கிடைத்த புதைபடிவங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துப் பார்த்து, சுவீடன் ஆய்வாளர் எரிக் ஸ்டென்சியோ 1927-இல் மூளையின் வடிவத்தையே காட்டிவிட்டார். 40 கோடி ஆண்டு பழைய மூளை! எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

காங்கேயத்திலிருந்து: கிணறு வெட்டும்போது மீன் மாதிரி ஒரு கல் கிடைத்தது. படிவமா?

இல்லைங்க. நம் பக்கத்துப் பாறை பூமிக்கடியில் வெந்து உருமாறியது, பெரும்பாலும் 250 கோடி ஆண்டுப் பழசு. அப்போது மீனே கிடையாது. படிவம் பார்க்க அரியலூர் போங்கள்; அங்கும் கவச மீன் இருக்காது, அவை அழிந்து வெகுகாலத்துக்குப் பிந்தைய கடல் அது. கல்லில் ஆசிட் ஊற்றாதீர்கள்.

பவானியிலிருந்து: ஆற்றில் கவசம் போட்ட மீன் சிக்கியது, அதுவா?

அது டேங்க் கிளீனர். தென் அமெரிக்காக் கெளுத்தி, தாடை உண்டு. தொட்டி மீனை ஆற்றில் விடாதீர்கள்.

ஈரோட்டிலிருந்து: அந்தக் காலத்தில் வேட்டையாடிய கடல்தேளிடமிருந்து தப்பத்தானே கவசம்? பொள்ளாச்சிக்காரர் பாஸ்பேட் சேமிப்பு என்கிறார்.

அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளர் ரோமர் 1933-இல் சொன்னது உங்கள் கட்சி. கடித்துப் பிறகு ஆறிய தழும்புகள் கவசங்களில் கிடைத்திருப்பதால் தற்காப்பை மறுக்க முடியாது. ஆனால் அது பயன். தொடக்கக் காரணமும் அதுவேதான் என்று ஆகிவிடாது. இந்த மீன்களின் உள் எலும்புக்கூடு பெரும்பாலும் குருத்தெலும்பு. எலும்பு முதலில் தோலில்தான் திரண்டது. அது கால்சியம் பாஸ்பேட் என்பதால் பொள்ளாச்சிக்காரர் பேச்சிலும் சாரம் உண்டு. போதாததற்கு, கவசத்தின் மேலிருந்த டென்டின் (பல் எனாமலுக்கு அடியில் இருக்கும் பொருள்) குமிழ்கள் தொடு உணர்வுக்கு உதவியிருக்கலாம் என்று 2025-இல் ஓர் ஆய்வு வந்தது. நம் பல் கூசுவதும் அதே டென்டினால்தான். ஒரே காரணம் என்று பிடிவாதம் பிடிப்பதைத்தான் ஏற்க மாட்டேன்.

பொள்ளாச்சியிலிருந்து: அப்போ நான் சொன்னதுதானே சரி?

பாதி.

திருப்பூரிலிருந்து: டங்கிளியோஸ்டியஸ் பற்றி?

அந்தக் கவச மீனுக்குத் தாடை உண்டு. வேறு கூட்டம், வேறொரு நாள்.

தாராபுரத்திலிருந்து: எங்கள் தோட்டத்திலும் மீன் கல்...

காங்கேயத்துக்குச் சொன்னதேதான் அம்மணி. ஆசிட் வேண்டாம்.