முதலில் கோதுமைக் கணக்கைச் சொல்லுங்கள்

சரிசா என்ற மாசிடோனியரின் நீள ஈட்டியைப் பற்றி எழுதியதற்கு இரண்டு கட்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. கால்வாசிப் பேர் ஏற்கெனவே பதில் சொன்னதையே திரும்பக் கேட்டிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு இதோ.

ஐயா, 300 ஸ்பார்ட்டா வீரர்கள் மட்டும் பத்து லட்சம் பாரசீகர்களைத் தடுத்தது உண்மையா? என்ன வியூகம்? — கே.ஆர்.

இரண்டு எண்ணுமே தப்பு. கி.மு. 480-இல் தெர்மோபைலே கணவாய்க்குப் போன கிரேக்கர்கள் சுமார் 7,000 பேர். கடைசி நாளிலும் தெஸ்பியா ஊர்க்காரர்கள் 700 பேர் ஸ்பார்ட்டாக்காரர்களோடு நின்று செத்தார்கள். அவர்கள் தலைவன் பெயர் டெமோஃபிலஸ். '300' என்று சினிமா எடுத்தவர்கள் கண்ணில் இவர்கள் படவில்லை, உங்கள் கண்ணிலும் படவில்லை.

பத்து லட்சமாவது பரவாயில்லை, கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எடுபிடிகளையும் சேர்த்து 52 லட்சத்துக்கு மேல் சொல்கிறார். ஆனால் மனிதரிடம் ஒரு நேர்மை இருந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட என்று வைத்துக் கோதுமைக் கணக்கும் போட்டார். போட்டுவிட்டு, ஆறுகள் வற்றியதுகூட வியப்பில்லை, இத்தனை பேருக்குத் தானியம் எப்படிக் கட்டுப்படியாயிற்று என்பதுதான் வியப்பு என்று எழுதிவைத்தார். இன்றைய அளவில் அது தினம் 4,000 டன், பத்து டன் லாரியில் 400 லோடு. வண்டியும் கழுதையும் ஒட்டகமும் இதைச் சுமக்குமா? இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று லட்சத்துக்குள் நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதிலும் கீழ் எண்ணின் மேல்தான் நம்பிக்கை.

பாரசீக ராஜா செர்க்ஸசின் படைக்கு வழியில் ஒருவேளைச் சாப்பாடு போட்டதிலேயே ஊர்கள் நொடித்துப்போயின. அப்டேரா என்ற ஊரில் ஒருவர், "ராஜா ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பிடுகிறார், அதற்காகக் கோயிலுக்குப் போய்க் கும்பிடுங்கள்" என்றாராம். போரைப் புரிந்துகொண்ட ஆள்!

வியூகம் என்று தனியாக ஒன்றுமில்லை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் இடுக்கு, பழைய சுவர் ஒன்று. ஓடுவதுபோல் போக்குக் காட்டித் திடீரென்று திரும்பி அடித்தார்கள் என்று ஹெரோடோட்டஸ் சொல்கிறார், அவ்வளவுதான்.

அலெக்சாண்டர் 'கிரேக்க நெருப்பை'ப் பயன்படுத்தினாரா? — எம்.

அவர் செத்து ஏறக்குறைய ஆயிரம் வருடம் கழித்து பைசாந்தியக்காரர்கள் கொண்டுவந்த தீத்திரவம் அது. பெயரில் 'கிரேக்க' இருந்தால் போதுமா?

ரோமானியர்களின் ஆமை வியூகத்துக்குள் இருந்துகொண்டே சண்டை போட முடியுமா? — எஸ்.வி.

முடியாது. கோட்டைச் சுவரை நெருங்குவதற்கும் அம்புமழையைத் தாங்குவதற்கும் ஏற்பட்டது அது. தலைக்குமேல் கேடயத்தைப் பிடித்தவன் வாளை எப்படி வீசுவான்? கி.மு. 53-இல் கார்ரேயில் ரோமானியத் தளபதி கிராசஸின் படை நெருக்கி நின்றால், ஈரான் பகுதியை ஆண்ட பார்த்தியரின் இரும்புக் கவசக் குதிரைகள் பாய்ந்தன, விலகி நின்றால் அம்பு பாய்ந்தது. எப்படியும் அம்பறாத்தூணி காலியாகும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ரோமானியர்கள் காத்திருந்தார்கள். பின்னால் ஒட்டகங்கள் அம்புப் பொதியோடு வரிசையாக நின்றதைப் பார்த்தபோதுதான் அவர்கள் மனம் விட்டுப்போயிற்று. கிரேக்க எழுத்தாளர் பிளூடார்க் இதைச் சொல்கிறார். வில்லாளிகளைப் பற்றிக் கேட்கும் யாரும் அந்த ஒட்டகங்களைப் பற்றிக் கேட்பதில்லை.

போர்க்கப்பலில் துடுப்பு போட்டவர்கள் சங்கிலியில் கட்டிய அடிமைகள்தானே?

ஏதென்ஸில் இல்லை. ஒரு கப்பலுக்கு 170 துடுப்பு, பெரும்பாலும் ஏழைக் குடிமக்களும் கூலிக்கு வந்த வெளியூர்க்காரர்களும். ஆள் பற்றாமல் கி.மு. 406-இல் அர்கினூசேவுக்கு அடிமைகளை ஏற்றினார்கள், அவர்களுக்கு விடுதலையும் கொடுத்தார்கள்.

கன்னே போரில் ஹன்னிபால் வகுத்த பிறை வியூகத்தைப் படம் போட்டு விளக்குங்கள். — ஆர்.பி. (இதே கேள்வி இன்னும் ஐந்து பேர்)

படம் போட மாட்டேன். கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலின் அணியில் நடுவில் கால் (Gaul) இனத்தாரும் ஸ்பானியர்களும் ரோமானியர்களை நோக்கி முன்தள்ளி நின்று மெல்லப் பின்வாங்கினார்கள், இரு ஓரத்திலும் ஆப்பிரிக்கக் காலாட்படை உள்ளே திரும்பியது, குதிரைப்படை சுற்றிவந்து முதுகில் அடித்தது. இதற்கு அம்புக்குறி போட்ட படம் ஆயிரம் கிடைக்கும். எனக்கு இருபது வருடமாக இருக்கும் குறை வேறு. ஆறு பேர் எழுதியிருக்கிறீர்களே, அந்த வெயிலில், அந்த ஊரில், எதற்காகப் போய் மோதினார்கள் என்று ஒருத்தருக்காவது கேட்கத் தோன்றியதா?

தென் இத்தாலியின் கன்னே ஒரு தானியக் கிடங்கு. சுற்றுவட்டாரத்துத் தானியத்தைக் கொண்டுவந்து அங்கே கோட்டையில் சேர்த்து, ரோமானியப் படை அதிலிருந்துதான் எடுத்துச் சாப்பிட்டது. கி.மு. 216-இல், புது விளைச்சல் கைக்கு வரும் பருவம் பார்த்துப் புறப்பட்ட ஹன்னிபால், நேரே போய் அந்தக் கிடங்கைப் பிடித்தார். ரோமானியத் தளபதிகள் என்ன செய்வதென்று தலைநகருக்கு ஆள்மேல் ஆள் அனுப்பினார்கள். இனிச் சண்டைதான் என்று செனட் முடிவு செய்ததன் பின்னணி இது. கிரேக்க வரலாற்றாசிரியர் போலிபியஸ் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார். படிக்கிறவர்கள்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் பிறைக்குத் தாவிவிடுகிறார்கள்.

ஹன்னிபாலிடம் சுமார் 50,000 பேர். ஆளுக்கு ஒரு கிலோ என்று ரவுண்டாக வைத்தாலும் தினம் 50 டன், பத்தாயிரம் குதிரைகளின் தீவனம் தனி. ரோமானியர்கள் ஏறக்குறைய 86,000. இவ்வளவு வாய்களை வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் எத்தனை நாள் உட்கார முடியும்?

தானியம் கிடைத்தாலும் வேலை முடியாது. ரோமானியச் சிப்பாய்க்குக் கொடுத்தது மாவு அல்ல, முழுக் கோதுமை. பிற்கால லெஜியனில், அதாவது ரோமானியப் படையணியில், எட்டுப் பேருக்கு ஒரு கூடாரம், ஒரு கோவேறு கழுதை, ஒரு திரிகை. அரைப்பது எவ்வளவு வேலை என்று அறிய, பரணில் கிடந்த பாட்டியின் திரிகையை இறக்கி ஒரு படி கோதுமை அரைத்துப் பார்த்தேன். முதல் சுற்றில் வந்தது உடைந்த ரவைதான். அள்ளி மறுபடி குழியில் போட்டு அரைத்தபோதுதான் மாவு என்று சொல்லும்படி ஏதோ விழுந்தது. முக்கால் மணி நேரம், உள்ளங்கையில் கொப்புளம், வாயில் நறநறவென்று கல். ரோமானியச் சிப்பாய் இதைப் பகல் முழுக்க நடந்து, பாசறைக்கு அகழி வெட்டி, மண்மேடு எழுப்பியபிறகு செய்தான்.

கி.மு. 48-இல் டிர்ரேகியத்தில் தானியம் தீர்ந்து, சீசரின் ஆட்கள் ஏதோ கிழங்கை இடித்து ரொட்டி தட்டினார்கள். அதைப் பார்த்த எதிரணித் தளபதி பாம்ப்பி (Pompey), நாம் சண்டை போடுவது மிருகங்களோடு என்று சொல்லி, தன் சிப்பாய்கள் கண்ணில் படாமல் அந்த ரொட்டியை மறைக்கச் சொன்னாராம். ஒரு ரொட்டித் துண்டுக்குத் தளபதி பயந்தார். இதற்கு யார் படம் போடுவது?

யானைப்படை அந்தப் போர்களில் வென்றதே இல்லையா? — டி.எஸ்.

வென்றிருக்கிறது. சந்திரகுப்த மௌரியரிடமிருந்து, அலெக்சாண்டரின் தளபதிகளில் ஒருவராக இருந்த செலூக்கஸ் வாங்கிய 500 யானைகளில் பெரும்பகுதி கி.மு. 301-இல் இப்சஸ் போரில் நின்றது. எதிரியின் மகன் டெமெட்ரியஸ் குதிரைப்படையோடு துரத்திக்கொண்டு வெகுதூரம் போய்விட்டுத் திரும்பினால் நடுவில் யானை மதில். குதிரைகள் அருகே போக மறுத்தன, தகப்பன் ஆன்டிகோனஸ் களத்தில் செத்தார். கி.மு. 202-இல் ஸாமாவில் ஹன்னிபாலின் 80 யானைகளுக்கோ ரோமானியத் தளபதி சிப்பியோ தன் அணிகளுக்கு நடுவே சந்து விட்டு வழியனுப்பிவைத்தார். ஹன்னிபாலின் தம்பி ஹஸ்த்ருபாலின் பாகர்கள் உளியும் சுத்தியும் வைத்திருந்தார்கள். மிரண்ட யானை சொந்தப் படையை மிதித்தால் பிடரியில் உளியை வைத்து ஒரே அடி. போலிபியஸ் பாகனைக் குறிக்கும் சொல்லே 'இந்தியன்'. எண்பது யானை என்றவுடன் தீவனம் என்ன என்று கேட்பீர்கள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

அங்கவடி இல்லாமல் குதிரைவீரன் ஈட்டியால் குத்தினால் அவனே விழமாட்டானா?

விழமாட்டான். அலெக்சாண்டரின் குதிரைப்படை கௌகமேலா போரில் அங்கவடி இல்லாமல்தான் பாய்ந்தது. ரோமானியச் சேணத்தின் நான்கு மூலையிலும் கொம்பு இருக்கும், தொடையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

நம் மன்னர்களிடம் ரோமானியப் படை இருந்ததாமே? — என்.

படை இல்லை, ஆட்கள் இருந்தார்கள். முல்லைப்பாட்டில் பாசறையில் அரசனைக் காக்கும் வன்கண் யவனர் வருகிறார்கள், சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை வாயிலில் வாளோடு நிற்கிறார்கள். யவனர் என்றால் கிரேக்கர், ரோமானியர், மேற்கிலிருந்து வந்த யாரும். கூலிக்காவலை வைத்து லெஜியனைக் கட்டாதீர்கள்.

அலெக்சாண்டர் ரோமோடு மோதியிருந்தால்?

இந்த வம்பை ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியே இழுத்து, ரோம்தான் ஜெயித்திருக்கும் என்று தீர்ப்பும் எழுதிவிட்டார். அவர் ரோமை விட்டுக்கொடுப்பாரா? நான் இறங்கத் தயாரில்லை.

பள்ளி நாடகத்தில் பையனுக்கு ரோமானியச் சிப்பாய் வேஷம். வாளை எந்தப் பக்கம் கட்டுவது? — ஒரு அம்மா

உருப்படியான கேள்வி. வலப்பக்கம். செஞ்சுரியன், அதாவது சிப்பாய்களை நடத்தும் அதிகாரி, என்றால் இடப்பக்கம், தலைக்கவசக் கொண்டையும் காதுக்குக் காது குறுக்காக இருக்க வேண்டும்.